அக்காவிடம் கொடுத்த சாவி

ஆவணி 5, வியாழன்

காலையில் தூறல். அரூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. இ-சேவை மையத்தில் எட்டரைக்கே கூட்டம். பிரிண்டர் மூன்று முறை மக்கர். "கம்மனாட்டி" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் வரிசையில் இருந்தார்.

"அந்த வார்த்த எங்கிருந்து வந்துச்சு தெரியுமாம்மா? கைம்பெண்டாட்டி. புருஷன் செத்தவ. வாயில தேஞ்சு தேஞ்சு வசவாயிருச்சு."

அப்போ விதவை? கேட்டேன். "வடமொழி. வெறுமையானவள்னு அர்த்தம் சொல்லுவாங்க."

தினம் நாலைந்து மனுவில் டைப் அடிக்கிற வார்த்தை. அக்கா வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். அவள் எதிரிலேயே குக்கரை, கரண்ட்டை, மிக்சியை எல்லாம் இப்படித்தான் திட்டியிருக்கிறேன். ஒரு நாளும் முகம் மாறியதில்லை அவளுக்கு.

ஞாயிறு மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வாங்க வேண்டியது: மல்லி இருபது முழம், கஸ்தூரி மஞ்சள், பாக்கு மட்டைத் தட்டு. தண்ணீர் ஊற்ற ஐந்து பேர். மாமியார் பேர் சொல்லச் சொல்ல எழுதினேன். அக்கா பேர் வரவில்லை.

"உங்கக்கா செல்விய ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சிரு. சாவிக்கு நம்பிக்கையான ஆளு வேணுமில்ல?"

சரிங்கத்தே என்றேன். உண்மையை எழுதினால், நிம்மதியாக இருந்தது.

ஆவணி 8, ஞாயிறு

விழா முடிந்தது. கால் வீக்கம். மொய் நோட்டு அவரிடம்.

மணையில் உட்கார்ந்ததும் மகள், "பெரியம்மா மொதல்ல ஊத்தட்டும்" என்றாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "பெரியம்மாகிட்ட சாவி இருக்குது சாமி. அந்த எடத்த உட்டு வர முடியாது."

ஸ்டோர் ரூம் பத்தடி தூரம். கதவு திறந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இந்தப் பிள்ளையைக் காலில் போட்டு முதல் தண்ணீர் ஊற்றியதே அக்காதான். எனக்குப் பயம், தூக்கவே தெரியாது. சீ, என்ன ஜென்மம் நான்.

ஆவணி 9, திங்கள்

எழுந்து பார்த்தால் அக்கா இல்லை. முதல் பஸ்ஸுக்கே காரிமங்கலம் போய்விட்டாள். சாவி ஃபிரிட்ஜ் மேல். ஆறு தடவை போன், எடுக்கவில்லை.

அவர்: "வூட்ல வேல இருக்கும். சும்மா நீயா எதையாவது நெனச்சுக்காத."

மீந்த லட்டு: ஒரு டப்பா பக்கத்து வீட்டுக்கு.

ஆவணி 10, செவ்வாய்

சித்தேரியிலிருந்து ஓர் அம்மா. ஆதரவற்ற விதவைச் சான்று. மனுவைக் கையில் வாங்கி, "என்னங்க போட்டிருக்குது இதுல? படிச்சுச் சொல்லுங்க" என்றாள். கணவர் இல்லாதவர் என்று மாற்றிப் படித்தேன்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

முன்பின் தெரியாதவளிடம் இவ்வளவு நாசூக்கு. கூடப் பிறந்தவளிடம்?

நாளைக்கு அரை நாள் லீவு.

ஆவணி 11, புதன்

வெயில். தர்மபுரியில் இறங்கி பஸ் மாறி, காரிமங்கலம் போய்ச் சேர மணி ஒன்றே முக்கால். அக்கா வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றாள், அவ்வளவுதான்.

"ஸ்டோர்ல வேற யாரையும் நம்ப முடியலக்கா, அதான்..." மறுபடியும் அதே பொய். வாய் தானாகப் பேசுகிறது.

"ஏன் புள்ள சுத்தி வளைக்கிற? உன் கல்யாணத்துல, சித்தப்பா இல்லாத சின்னம்மாகிட்ட சாவியக் குடுத்தது யாரு? நான்தான். நம்பிக்கையான ஆளுன்னு இதேதான் நானும் சொன்னேன். அந்த ரூம்ல அவ்வளவு பலகாரம். பாவம், சாயங்காலம் வரைக்கும் அவங்களுக்கு ஒரு எலை போடலை. எனக்கு அன்னிக்கு அது ஒறைக்கவே இல்ல."

உரித்த கடலையை முறத்தில் தள்ளினாள்.

"ஞாயித்துக்கெழம நீ எனக்கு எலை போட்டியா?"

யோசித்தேன். போடவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

அக்கா எழுந்து உள்ளே போய்த் தட்டு வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, ரசம். "மணி ரெண்டாவுது. உக்காந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். ரசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்க வரவில்லை.