மதகுக்கு இரண்டு பூட்டு

மரக்காணம்
6-6-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மேரிசெல்வி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். ஜபல்பூரில் வெயில் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் அப்படித்தான்; ஆனால் உப்பு நன்றாக விளைவதால் அப்பா வெயிலைத் திட்டுவதில்லை.

ப்ளஸ் ஒன்னில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள குரூப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு சட்டம் படிக்க ஆசை. அப்பாவைக் கேட்டால், "அண்ணன் சொன்னா சரி" என்கிறார். ஜூலை முடிவதற்குள் வேண்டுமானால் குரூப் மாற்றிக்கொள்ளலாமாம். ஆகவே என் படிப்பு இப்போது உங்கள் கையில்.

நூலகத்தில், பாகிஸ்தானோடு நாம் போட்ட தாஷ்கண்ட், சிம்லா ஒப்பந்தங்களைப் பற்றிப் படித்தேன். போர் நடந்த கதையைவிட, அது முடிந்தபின் இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டியதுதான் எனக்குப் பிடித்தது.

இங்கேயும் ஒரு போர். சுனாமிக்குப் பிறகு வாய்க்காலில் புதிதாகக் கட்டிய மதகைத் திறப்பதில் அப்பாவுக்கும் பக்கத்து உப்பளத்துச் சடையப்பன் மாமாவுக்கும் சண்டை. தனக்குத் தெரியாமல் மற்றவர் திறந்து உப்புநீரைத் தன் பாத்திக்குத் திருப்புகிறார் என்று இருவரும் சொல்கிறார்கள். பேச்சு நின்றுவிட்டது. நான் ஒரு ஒப்பந்தம் எழுதினேன்: மதகுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி, இருவரும் வந்தால்தான் திறக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எப்படி?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை மேரிசெல்வி

ஜபல்பூர்
18-6-2005

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நேராகச் சொல்லிவிடுகிறேன். சயின்ஸ் குரூப்புக்கு மாறிவிடு. நர்சிங் முடித்தால் எந்த ஊரிலும் வேலை கிடைக்கும். வக்கீல் ஆவதற்கு நமக்கு யாரைத் தெரியும்? போரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் ஒருவன் பட்டாளத்தில் இருப்பது போதாதா?

மதகு ஒப்பந்தம் விளையாட்டாக நன்றாக இருக்கிறது. அதை நம்பி எதிர்காலத்தை முடிவு செய்யாதே. என் மேல் கோபப்படாமல் சாப்பிடு. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அண்ணன் சாலமன்

மரக்காணம்
2-7-2005

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் இல்லை. நன்றாகவே சாப்பிடுகிறேன். குரூப் மட்டும் இன்னும் மாறவில்லை.

முதலில் ஒரு தோல்விச் செய்தி. என் ஒப்பந்தம் மதகை மூடியே வைத்துவிட்டது. இருவரும் வர வேண்டும் என்று எழுதினேன். யார் முதலில் வருவது என்று எழுதவில்லை. முதலில் போகிறவர் இறங்கிப் போனவராகிவிடுவாராம். அப்பா நம் கரையில், மாமா அவர் கரையில். "உன் பொண்ணு போட்ட பூட்டுதானே, நீயே முதல்ல வாயேன்" என்று அங்கிருந்து ஒரு குரல். "நான் போனா நாளைக்கு ஊரே சிரிக்கும்" என்று இங்கிருந்து அப்பா. நடுவில் பாத்திகள் காய்ந்து வெடித்தன. அம்மா கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, "ரெண்டு கொக்கும் இங்கயே நில்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்று போய்விட்டார்.

வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் கூடியவர்கள், எந்த வடிவ மேசையில் உட்காருவது என்பதிலேயே பல வாரம் சண்டை போட்டார்களாம். கடைசியில் வட்ட மேசை. அதற்குத் தலைப்பக்கம் கிடையாது. படித்தபோது சிரித்தேன். நம் கரையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு வரி சேர்த்தேன். மாதா கோயிலில் பகல் மணி அடித்ததும் இருவரும் அவரவர் கரையிலிருந்து புறப்பட வேண்டும். மதகு நடுவில் இருப்பதால் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் மாமா கொஞ்சம் மெதுவாக நடந்தார். அதைப் பார்த்து அப்பாவும் மெதுவாக நடந்தார். ஆனாலும் மதகு திறந்தது. அன்றிலிருந்து தினமும் திறக்கிறது.

அண்ணா, நர்சிங் நல்ல படிப்பு. எனக்கு வேண்டியது இது. நான் விட்ட ஓட்டையை நானே கண்டுபிடித்து அடைத்தேன். இன்னும் நன்றாக அடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வக்கீல் யாரையும் நமக்குத் தெரியாது என்றீர்கள். என்னைத் தெரியுமே.

அன்புடன்
மேரிசெல்வி

ஜபல்பூர்
16-7-2005

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இங்கே கூட இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டினேன். சுபேதார் இரண்டு முறை கேட்டார்.

குரூப் மாற வேண்டாம். அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

இத்துடன் ஒரு ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறது. தவணையில் மனை தருகிறேன் என்று ஒரு ஆள் கேம்ப்புக்கு வந்தான். நாங்கள் நாலு பேர் சேர்வதாக இருந்தோம். எழுதியிருப்பதெல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. எழுதாமல் விட்டது என்னவென்று பார். புரியாததை டீச்சரிடம் கேள். அவசரப்படாதே, அந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். நீ எழுதும்வரை நாலு பேரும் கையெழுத்துப் போடமாட்டோம்.

அண்ணன் சாலமன்