திரைக்கு இரண்டு பக்கமும் ஆறிய தோசை

ஏனுங்க, இங்கே கொஞ்சம் திரும்பிப் பாருங்க,

கடிதம் என்றால் பெயர் எழுதித்தான் தொடங்க வேண்டுமாம். உங்கள் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் எழுதக் கை வரவில்லை. 'ஏனுங்க' என்றால் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் திரும்பிப் பார்ப்பீர்களே, அப்படியே கூப்பிடுகிறேன். ஊரார் படித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நேற்று சேலம் போயிருந்தேன். நம் மகள் சரசுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. புடவை எடுக்க உங்கள் தங்கை பாவாயியும் நானும் போனோம். புடவையைத் தொட்டு எடுத்தவள் அவள்தான். நான் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானே தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டினேன். எடுத்து முடித்ததும் கால் தானாக பஸ் நிற்கும் இடத்துப் பக்கம் திரும்பியது. பார்த்தால் உங்கள் காபி கிளப் வாசலில் நிற்கிறேன்.

ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நீங்கள் பஸ் ஓட்டிய காலம் முழுக்க உங்களுக்குக் காலைப் பலகாரம் அங்கேதான். வீட்டுக்கு வந்தால், நான் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே தோசைப் புராணம் ஆரம்பமாகும். ஓரமெல்லாம் முறுகலாம், நடுவில் மெத்தென்று இருக்குமாம், மேலே நெய் மிதக்குமாம். அந்த நெய்யே நம் ஊர் நெய். உங்கள் பஸ் கூரையில் டின் டின்னாகப் போனதுதான். நெய் நம் ஊருடையது, தோசை மட்டும் உங்களுக்கா என்று எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன்!

என் வாயை அடைக்க இலையில் கட்டி வாங்கி வருவீர்கள். மல்லூர் தாண்டும்போதே அது துவண்டு போயிருக்கும். "இது தோசையே இல்ல அம்மிணி. கல்லுல இருந்து எடுத்த நிமிசத்துல தின்னோணும். ஒரு நாளைக்கு உன்னையக் கூட்டீட்டுப் போறேன் பாரு" என்பீர்கள். கிளப்புக்குப் பெண்பிள்ளை போவதாவது என்று பாவாயி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சொன்னபடி ஒரு நாள் லீவு போட்டீர்கள். உங்கள் பஸ்ஸிலேயே பிரயாணியாக உட்கார்ந்து, அன்றைக்கு ஓட்டியவரை வழி நெடுக நொட்டை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். எந்தக் கிளப்பில் எந்தச் சாதியை எந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஆனால் தினமும் போன இடத்தில் பெண்களுக்கென்று மூலையில் ஒரு திரை தொங்குவதை மட்டும் நீங்கள் பார்த்ததே இல்லை. கல்லாவில் இருந்தவர் என்னைக் கண்டதும், "பொம்பளைங்க உள்ளே போகட்டுங்க" என்று கை காட்டினார். உங்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நீங்கள் வெளியே, நான் உள்ளே. நீங்கள் சொன்ன அதே தோசை, ஆவி பறக்க என் முன்னால் வந்தது. நான் தொடவில்லை. நம் வீட்டில் நீங்கள் சாப்பிட்டு எழுந்த இலையில்தானே நான் உட்காருவேன்? புது இலையில், உங்களுக்கு முன்னால் கை வைக்க எப்படி மனது வரும்? "அவுங்க சாப்பிட்டாங்களாங்க?" என்று சர்வரைக் கேட்டேன். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். நீங்களும் தொடவில்லையாம். நான் முதல் வாய் தின்று என்ன சொல்கிறேன் என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்!

அந்த மனிதர் நான்கு நடை நடந்தார். கடைசியில் நடுவில் நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, நீங்க தின்னாத்தான் திம்பேன்கறாரு அவரு. அவரு தின்னாத்தான் திம்பேன்கறீங்க நீங்க. உங்க பஞ்சாயத்து தீர்றதுக்குள்ள எங்க அடுப்பே அணைஞ்சு போயிருமுங்க" என்றார். அதற்குள் ஊருக்குத் திரும்பும் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. இரண்டு தோசையையும் கட்டி வாங்கிக்கொண்டு ஓடினோம்.

வீட்டில் வந்து பிரித்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யாரால் ஆறியது என்று சண்டை போட்டுக்கொண்டே ஒரே இலையில் எதிரெதிரே உட்கார்ந்து பிய்த்துத் தின்றோம். அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை திரை இல்லாத கிளப்பாகப் பார்ப்போம் என்றீர்கள். அதற்குள் வெள்ளைக்காரன் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. கரிப்புகையில் ஓட்டுவதற்காகக் கரி அடுப்பைப் பஸ் முதுகில் கட்டினார்கள். விடியுமுன்னே போய்க் கரியை மூட்டவும் ஊதவுமே உங்களுக்கு நேரம் சரியாக இருந்தது, லீவு எங்கே? பிறகு அந்தக் காய்ச்சல். படுக்கையில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "அன்னைக்கு அந்தத் திரையத் தூக்கீட்டு நான் உள்ள வந்திருக்கோணும் அம்மிணி" என்றீர்கள். எது எதையோ சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொன்னீர்கள்.

நேற்று வாசலில் பாவாயி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாமுங்க நங்கை. யாராச்சும் பாத்தா என்ன பேசுவாங்க? புள்ளைக்குக் கண்ணாலம் வெச்சிருக்கற நேரமுங்க." அவள் பயம் பொய்யில்லை. தாலி இழந்தவள் கிளப்பில் உட்கார்ந்து பலகாரம் தின்றாள் என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் போதாதா? எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன், அவளும் பின்னாலேயே வந்தாள்.

அதே சர்வர். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவர் என் நெற்றியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். தோசை கொண்டுவந்து வைத்தவர், அந்தத் திரையைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டிவிட்டு, "காத்து வரட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரை போனதும் நீங்கள் அன்று உட்கார்ந்திருந்த பெஞ்சு நேராகத் தெரிந்தது. இவ்வளவுதானா தூரம்? கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்குமே! அங்கே யாரோ ஒருவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

கை பழக்கத்தில் மடியிலேயே கிடந்தது. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே உறைக்கச் சற்று நேரமாயிற்று. பிய்த்து வாயில் வைத்தேன். அரிசி கிடைக்காத காலம், சோளம் கலந்திருந்தார்கள். நெய்யும் பெயருக்குத்தான். ஆனாலும் நீங்கள் சொன்னது நிஜம்தான், சூட்டுக்கு ஒரு ருசி இருக்கிறது. நாக்கு பொத்துப்போனது. நான் அழுததைப் பாவாயி காரச் சட்னி என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தினாள்.

அவள் தோசையைத் தொடாமல் வைத்திருந்தாள். "ஊட்ல அவுங்க இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்களுங்க" என்றாள். "ஆறிப் போயிரும் பாவாயி, தின்னு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது அந்தச் சூட்டுத் தோசை இல்லை. ஒட்டிப்போன அந்த இரண்டு தோசையும், அதைப் பிய்க்க எதிரே நீங்களும்தான். அது எந்தக் கிளப்பிலும் கிடைக்காது.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் சரசுவையும் மாப்பிள்ளையையும் அந்தக் கிளப்புக்கு நானே கூட்டிப் போவேன். திரை தொங்கினால் என் கையால் தூக்கி ஆணியில் மாட்டி, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்பேன். அவன் இலைக்காக அவள் காத்திருக்கக் கூடாது. முதல் வாயை அவள் வைக்கட்டும், என்ன சொல்கிறாள் என்று அவன் நேரே கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் சர்வரை அனுப்பிக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இன்னும் நான் சொல்லவில்லை. நன்றாக இருந்ததுங்க.

உங்களுக்கு முன்னால் முதல் தடவையாகச் சாப்பிட்டுவிட்ட
உங்கள் வீட்டுக்காரி,
அம்மிணி