திகதி இல்லாதவர்களுக்கான நாள்

இன்று காலை சாம்பிராணி போட்டேன். புகை அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. கதிரையில் ஏறி நின்று துவாயை விசுக்கும்போது உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன். உங்கள் ஊர்ச் சாம்பிராணிப் பிசினை உன் வீட்டில் கொளுத்தியபோதும் இதே கூத்துத்தான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்ட, "கடவுளுக்கும் கேட்டிருக்கும்" என்றாய்.

நீ குவாத்தமாலாவிலிருந்து அகதியாக வந்த மாயா பழங்குடிப் பெண். நான் யாழ்ப்பாணத்தாள். இருவரின் இங்கிலீசும் ஒரே அளவு நொண்டி. ஆனாலும் நினைவில் நீ என்னோடு எங்கள் தமிழில்தான் கதைக்கிறாய், நான் என்ன செய்ய?

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்புக்குள் கடைக்குப் போன என் மனுசன் திரும்பி வராத நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ரொறொன்ரோ வந்தும் இல்லை. டாக்குத்தர் குளிசையும் தந்து, மனநல நிலையத்தில் புதன்கிழமைகளில் நீ நடத்திய பெண்கள் கூட்டத்துக்கும் அனுப்பினார். உங்கள் புனித நாட்காட்டியில் இருபது நாட்கள் பெயரோடு சுழன்று வரும். காற்று, வலை, மான் என்று அன்றைய நாளின் பெயரைச் சொல்லித்தான் நீ தொடங்குவாய். நான் நம்முடைய பஞ்சாங்கம் என்று நினைத்து, "இண்டைக்கு நல்ல நாளோ கூடாத நாளோ?" என்று கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தாய். "நாள் ஒண்டும் சொல்லாது. அது கேக்கும். நாங்கள்தான் சொல்லவேணும்." அன்று வலை நாள். உனக்குள் என்ன சிக்குப்பட்டுக் கிடக்கிறது என்று அது கேட்கிறதாம். நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டேன்.

வீட்டிலோ அவருடைய அக்கா, என் மச்சாள், ஒரே பாட்டு. "திகதி தெரியாமல் என்னெண்டு திவசம் குடுக்கிறது? தம்பி வருவான், பொட்டை அழிக்காதை." அவர் இருக்கிறார் என்று சமைக்கவும் முடியாது, இல்லை என்று அழவும் முடியாது. அதுதான் என் வருத்தம், குளிசைக்கு அடங்காத வருத்தம்.

ஒரு புதன்கிழமை சாவின் நாள் வந்தது. "என்ர மனுசன் சாகேல்லை" என்று எழும்பி வெளியே போய்விட்டேன். நீ என் கோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை ஓடி வந்தாய்.

"என்ர அண்ணனையும் ஆமி கொண்டு போனது. அவனும் சாகேல்லை, வரவுமில்லை. உந்த நாள் செத்தவைக்கு மட்டுமில்லை, கிட்ட இல்லாத எல்லாருக்கும்தான். திகதி தேவையில்லை. வா, அவரோட கதை."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தால் கோபம் வந்தது. "இஞ்சாருங்கோ, அண்டைக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னனான்தானே!" என்று கத்தினேன். தமிழ் தெரியாத அத்தனை பெண்களும் அழுதார்கள். அன்று பின்னேரம் டோர்செட் பார்க்கில் இருக்கும் என் வீட்டில் சப்பாத்தோடேயே சோபாவில் நித்திரையாகிவிட்டேன்.

பிறகு அந்த நாள் சுற்றி வரும்போதெல்லாம் அவரோடு கதைத்தேன். கோபம் குறைந்து, வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊர்வம்பு என்றாகிவிட்டது.

போன மாதம் உன் மகள் போன் எடுத்தாள். புற்றுநோய் என்று எனக்கு நீ சொல்லவேயில்லை, கள்ளி. உனக்குத் திவசத்துக்குத் திகதி இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது. இருந்தும் சாவின் நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். நேற்று வந்தது. உன்னோடு கதைக்கத்தான் உட்கார்ந்தேன், வாய் அவரைக் கூப்பிட்டது.

"இஞ்சாருங்கோ, என்ர சிநேகிதி ஒருத்தி அங்க வந்திருக்கிறா. இடம் வலம் தெரியாது அவவுக்கு. கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அவர் எங்கே இருக்கிறார் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.