இணையிருக்கை குறித்து ஒன்பது வான்துறைகளுக்கும் விடுத்த ஓலை

மழை பிழையாதாகுக. காற்று கலங்களைக் கைவிடாதாகுக. மலையும் கடலும் ஒரு குடைக்கீழ் நிற்கும் தண்பொறைநாட்டில், முறை கேட்கும் இருக்கையில் பதினான்காம் ஆண்டு அமர்ந்திருக்கும் இளவெயினி நங்கையாராகிய நாம், நம் ஒன்பது வான்துறைகளின் அதிகாரிகளுக்கும், வான்கலங்களை ஓட்டும் வணிகக்குழுவாகிய நீள்விசும்புச் சாத்தின் தலைவர் கீரன் பெருஞ்சாத்தனாருக்கும், வான்கலங்களில் ஏறி இறங்கும் குடிமக்கள் யாவருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் துறைகள் செழிக்க. உங்கள் கலங்கள் ஏற்றிய பேரை ஏற்றியபடியே இறக்குக.

வாழ்த்தில் தொடங்கினும் இவ்வோலை வருத்தத்தில் எழுதப்படுவது. ஆணையை மட்டும் எழுதி முத்திரையிட்டால் போதாதோ என்று எம் ஓலைநாயகம் வினவினார். போதாது என்றோம். எதற்காக இட்ட ஆணை என்று அறியாதவர், அதைச் சுற்றிப் போகவும் வழி கண்டுபிடிப்பர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவித்தோம். சான்று சொன்னவர்களின் சொற்களைத் திருத்தாமல் அவரவர் பேச்சிலேயே பொறிக்கச் சொன்னோம்.

நெய்தற்கழி என்னும் கடலோர ஊரில், கழிமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடம் தள்ளிப் பிழைத்தவன் சேந்தன். அவன் மனைவி பொன்னாச்சி. பிள்ளைப்பேறு இல்லாத இருவர். சேந்தனுக்கு வயிற்றில் கட்டி கண்டது. ஊர் வைத்தியம் பலிக்காமல், கோடையில் பதினேழு நாள் மாட்டுவண்டியில் படுத்தபடியே மலைமேல் பனிவரை நகரத்து மருத்துவசாலைக்குப் போனான். நான்கு மாதம் அங்கே கிடந்தான். ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் மருத்துவர் பொன்னாச்சியைத் தனியே அழைத்து, இனி மருந்தால் ஆவது வலியைக் குறைப்பது ஒன்றே என்றும், ஊர்முகம் காட்ட வேண்டுமானால் இந்த வாரமே காட்டிவிடுவது நலம் என்றும், வண்டிப் பயணத்தை அவன் உடம்பு மூன்று நாளும் தாங்காதென்றும் கூறினார்.

அவள் உள்ளே வந்தபோது, எதையும் அவள் சொல்வதற்கு முன்னே சேந்தன் சொன்னானாம்: "ஓடத்துறையில கொண்டு போய்ப் போடு புள்ள. அந்த உப்புக்காத்து மேல பட்டாப் போதும்."

பனிவரையிலிருந்து நெய்தற்கழிக்கு வான்கலத்தில் அரைப்பகல் பயணம். மறுநாள் காலையில் பொன்னாச்சி வான்துறைக்குப் போனாள். பயணமுறி எழுதும் சாளரத்தில் கூட்டம் மிகுந்திருந்ததால், மதியம் வரச் சொன்னார்கள். மதியம் போனாள். அதற்குள் விலைப்பலகையில் கூலி ஏறிவிட்டிருந்தது.

"காலையில வந்தப்போ மதியம் வாங்கன்னு நீதானய்யா சொன்ன?" என்று அவள் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ண? அப்போ பதினாறு இருக்கை கெடந்துச்சு. இப்போ அஞ்சுதான். இருக்கை கொறையக் கொறைய விலை ஏறும். பலகையில மாறினா நானும் மாத்திச் சொல்லணும்."

முறி எழுதியவன் கொடியவன் அல்லன். தான் சொன்ன சொற்களை ஒன்றும் மறைக்காமல் எம்முன் ஒப்புக்கொண்டான். பிறகு அவன், யாவரிடமும் கேட்பதுபோல அவளிடமும் வரிசையாகக் கேட்டிருக்கிறான். மூட்டை உண்டா, சாளரத்தோரம் வேண்டுமா, முன்னதாக ஏற வேண்டுமா, சோறு வேண்டுமா, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி.

"புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா உக்காரவுமா காசு?"

"ஆமாம்மா. இல்லன்னா எங்க எடம் விழுதோ அங்க."

அவளிடம் மீந்திருந்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். வலிக்கான கஷாயம் நிரப்பிய பீங்கான் சாடி, கையில் கொண்டுபோகும் எடைக்கு மேல் இருந்தது. அதற்குக் கூலி கட்டினால் இணையிருக்கை இல்லை. இணையிருக்கை வாங்கினால் சாடியை மலையிலேயே விட்டுப் போக வேண்டும். அவள் சாடியை எடுத்துக்கொண்டாள். "அரைப்பகல்தானேன்னு நெனச்சேன்" என்று எம்முன் நின்று சொன்னாள். அதை மூன்று முறை சொன்னாள். அவையில் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சேந்தனுக்கு மூன்றாம் வரிசையில் நடு இருக்கை விழுந்தது. பொன்னாச்சிக்குக் கடைசி வரிசை. சேந்தனுக்கு ஒருபுறம் சாளரத்தோரத்தில் ஓர் அயல்நாட்டார். மறுபுறம் இருந்த இருக்கை விற்காமல் வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கலத்தில் பணிசெய்த நித்திலை என்னும் பெண்ணை நாம் அழைக்கவில்லை. தானே வந்தாள். அவள் சொன்னது இது: "கலம் தரையில நிக்கும்போதே அந்தம்மா கஷாயம் ஊத்திக் கொடுத்தாங்க. நான் கொண்டுபோய்க் குடிக்க வெச்சேன். மலைக்கணவாய் தாண்டினப்புறம் பெரியவரு ரெண்டு தரம் பின்னால திரும்பிக் கையத் தூக்கினாரு. நான் போனேன். என் வீட்டுக்காரி பின்னால இருக்கா, கூப்பிட முடியுமா தாயின்னு கேட்டாரு. பக்கத்து இருக்கை காலியாத்தான் இருந்துச்சு அரசியாரே. ஆனா விக்காத இருக்கையில யாரையாவது உக்கார வெச்சா ஒரு மாசத்துக்குக் கலம் ஏத்த மாட்டாங்க. என்கூட வேலை பாத்தவ ஒருத்தி அப்படித்தான் வீட்டுக்குப் போனா. கலத்தலைவர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்னு சொன்னேன். போய்க் கேட்டதுக்கு, காத்து அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு. நான் திரும்பி வந்தப்போ பெரியவரு கண்ணு மேல ஒரு சால்வை கெடந்துச்சு. தூங்குறாருன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சு, இனிமே கேக்க மாட்டாருன்னு நெனச்சேன். அந்த நெனப்பைத்தான் என்னால தாங்க முடியல."

கலம் நெய்தற்கழியில் இறங்கியது. முன்வரிசையார் முதலிலும் பின்வரிசையார் கடைசியிலும் இறங்குவது வழக்கம். ஆகவே அந்தக் கலத்திலிருந்த அத்தனை பேருக்கும் சேந்தன் இறந்தது தெரிந்த பின்னரே அவன் மனைவிக்குத் தெரிந்தது. சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடைவழியில் வந்தபோது, மூன்றாம் வரிசையருகே ஆட்கள் தலைகுனிந்து நின்றார்களாம். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போலும் என்றே அவள் நினைத்தாளாம்.

ஊரார் அவனை ஓடத்துறையிலேயே எரியூட்டினர். சாத்தின் ஆள் ஒருவர் வந்து, இருவர் கூலியையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். பொன்னாச்சி வாங்கவில்லை. முப்பது நாள் கழிந்ததும் புறப்பட்டுத் தலைநகர் வந்து, முறைகேட்கும் நாளில் எம்முன் நின்றாள். வழக்கு என்ன என்று அமைச்சர் வினவியதற்கு, வழக்கு ஏதும் இல்லை என்றாள்.

"எனக்கு யாரு மேலயும் புகார் இல்ல தாயே. கடைசியில அவரு ஏதாச்சும் சொன்னாரா, என்ன சொன்னாரு, அது தெரியணும். பக்கத்துல இருந்தவரைக் கண்டுபிடிச்சுக் கேட்டுச் சொன்னாப் போதும்."

இங்கே எம் குற்றத்தையும் எழுதுகிறோம். மூன்றாண்டுக்கு முன் வெண்சிறகுச் சாத்து நொடித்துப் போய், அதன் கலங்கள் யாவும் துறைகளில் கட்டப்பட்டன. வானம் முழுவதும் நீள்விசும்புச் சாத்து ஒன்றின் கைக்கு வந்தது. அப்போது கீரன் பெருஞ்சாத்தனார், இருக்கைக் கூலியைக் குறைத்துவிட்டு, வேண்டுவோர் வேண்டுவனவற்றைத் தனித்தனியே வாங்கிக்கொள்ள இசைவு தர வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஏழைகளும் வானேறுவர் என்று எண்ணி நாம் இசைந்தோம். ஒரு மாதம் கூலி குறைந்திருந்தது. பிறகு பழையபடி ஏறியது. தனித்தனியே பிரித்தவை மட்டும் பிரிந்தபடியே நின்றுவிட்டன. அந்த ஓலையில் சோறும் மூட்டையும் சாளரமும் எழுதியிருந்த வரியிலேயே இணையிருக்கையும் எழுதியிருந்தது. நாம் அதைப் படித்தோம். படித்துவிட்டுத்தான் முத்திரையிட்டோம்.

சாத்தின் தலைவர் அவையில் தம் பக்கத்தை உரைத்தார். பாய்க்கும் கயிற்றுக்கும் விலை ஏறிவிட்டதென்றும், விற்காத இருக்கையை இன்று ஒருவருக்கு இலவசமாய்க் கொடுத்தால் நாளை எவரும் விலைகொடுத்து வாங்கார் என்றும், தம் சாத்தும் நொடித்தால் நாட்டில் எவரும் பறக்கவே இயலாது என்றும் பணிவோடு கூறினார். அவர் சொல்லில் பொய் இல்லை. ஆயினும் அவர் பேசி முடித்தபின் பொன்னாச்சி நின்ற பக்கம் திரும்பாமலே போய் அமர்ந்தார்.

அயல்நாட்டாரைத் தேடி எல்லாத் துறைகளிலும் பறையறைவித்தோம். நாற்பத்தொரு நாள் சென்று அவரே வந்தார். வடகடல் தீவினர். கண்ணாடிச் சில்லு தேய்த்து விற்பவர். பெயர் தரியன். நம் மொழியில் விலை கேட்கவும் வழி கேட்கவும் மட்டுமே அறிந்தவர். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் கூறியது: அருகில் இருந்த முதியவர் தரியனின் கையைப் பிடித்து, ஒரே தொடரை நான்கைந்து முறை சொன்னார். பின்பக்கம் காட்டிக் காட்டிச் சொன்னார். தம் கண்களைத் தாமே மூடி மூடிக் காட்டினார். வெளிச்சம் உறுத்துகிறது போலும் என்று எண்ணிய தரியன், சாளரத்திரையை இழுத்துவிட்டு, தம் சால்வையை எடுத்து அவர் கண்மேல் போர்த்தினார். முதியவர் தலையை அசைத்து மறுத்தார். பின் அசைக்கவில்லை. பிடித்த கை மட்டும் சிறிது நேரம் பிடித்தபடியே இருந்தது.

இறங்கியதும் யாரிடமாவது பொருள் கேட்கலாம் என்று அந்த ஒலிகளைத் தமக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாராம். நடைவழியில் அந்தப் பெண் அழுததைக் கண்டதும் கேட்கும் துணிவு போயிற்றாம். ஆயினும் ஒலிகள் நாவை விட்டுப் போகவில்லை.

அவற்றைச் சொல்லுமாறு பணித்தோம். தரியன் பொன்னாச்சியின் முன் வந்து நின்று, பொருள் அறியாத குழந்தை பாடம் ஒப்பிப்பதைப்போல், இடைவெளியின்றிச் சொன்னார்:

"அவளுக்குஒசரம்னாபயம்கண்ணமூடிக்கச்சொல்லுங்க."

அவையில் எங்களுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பொன்னாச்சிக்கு உடனே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "தரையை விட்டதுலேர்ந்து கண்ணைத் தெறக்கவே இல்ல. தெறந்திருந்தா அவரு கையத் தூக்கினதப் பாத்திருப்பேனே. பாத்திருந்தா எந்த விதி வந்து என்னைப் பிடிச்சிருக்கும்? ஓடியிருப்பேனே."

தரியன் மொழிபெயர்ப்பாளரிடம் பொருள் கேட்டார். பிறகு, தாம் புரிந்துகொள்ளாமல் அவர் கண்ணை மூடிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

"மன்னிக்க என்னய்யா இருக்கு" என்றாள் பொன்னாச்சி. "நான் பிடிக்க வேண்டிய கையை நீங்க பிடிச்சிருந்தீங்க. அது போதும்."

இனி ஆணை. ஒரு முறியில் சேர்ந்து பயணம் செய்வோரைச் சேர்த்தே அமர்த்துக. அதற்கென எக்கூலியும் கேளற்க. நோயாளியின் அருகே இருக்கை வெறுமையாய் இருக்குமாயின் அது அவர் உறவினருக்கு உரியது. அப்படி அமர்த்திய பணியாளரை ஒறுப்பவர் எம்மை ஒறுத்தவராவர். நித்திலையைப் பணியினின்று நீக்கற்க. நோயாளி கொண்டுவரும் மருந்துக்கு எடை பாரற்க. காலையில் வந்து நின்றவரைப் பொழுது தாழ்த்தி வரச் சொன்னால், காலை விலையே அவருக்கு விலை. இவற்றால் சாத்துக்கு இழப்பு நேருமாயின் இருக்கைக் கூலியை உயர்த்திக்கொள்க. உயர்த்தியதை யாவரும் காணப் பலகையின் தலைப்பில் எழுதுக. ஏழையர் சிலர் அதனால் வானேற முடியாமற் போகலாம் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறோம். அவர்களுக்குச் செய்ய வேண்டியதை அரண்மனைக் கருவூலத்திலிருந்து செய்யுமாறு அமைச்சருக்குப் பணித்துள்ளோம். அது கருணை அன்று, எம் முன்னைய முத்திரைக்கு யாம் செய்யும் கழுவாய்.

பொன்னாச்சியை எம் கலத்திலேயே ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னோம். கைகூப்பி மறுத்தாள். சந்தைக்கு உப்பேற்றி வந்து வெறுமையாய்த் திரும்பும் வண்டி ஒன்றில் இடம் கேட்டு, நேற்றுக் காலை புறப்பட்டுவிட்டாள். நெய்தற்கழி சேர அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். இவ்வோலையைச் சுமந்து செல்லும் கலங்களுக்கு ஒரு பகலே போதும். ஆதலின், அவள் தன் வீட்டுக் கதவைத் திறக்கும் முன்னர் இவ்வோலை ஒன்பது துறைகளிலும் உரக்க வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இது இளவெயினி எழுத்து. இலச்சினை எம் கையாலேயே இடப்பட்டது.