அம்சாவின் சீட்டு

16-2-81
பெரிய பேரன் வீரபத்திரன் பெரம்பூரில் ரயில்வே உத்தியோகம். பேத்தி அம்மு பள்ளிப்பட்டில் டீச்சர். என்னோடு இருக்கும் சின்னப் பேரன் நாகேந்திரன் தாலுகா ஆபீஸ் கிளார்க். இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு சூப்பர்வைசர், அவன் கீழே ஐந்து பேர். வீடு வீடாக எழுதி வந்த சீட்டுகள் கட்டுக் கட்டாக எங்கள் அலமாரியில். "போலீஸ் கேட்டாகூட காட்டக் கூடாது ஆயா" என்றான். ஊர் ரகசியம் முழுக்க என் பேரன் பொறுப்பில்!

19-2-81
அவன் குளிக்கப் போனபோது ஒரு கட்டை அவிழ்த்தேன். என் படிப்பை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். ஐந்தாம் வகுப்பு — சரியாக இருந்தது. அதோடு திரும்பக் கட்டி வைத்திருக்கலாம். அடுத்த சீட்டு, பின் போர்ஷனில் குடியிருக்கும் டெய்லர் அம்சாவுடையது. புருஷன் பம்பாயில் என்றுதானே எல்லாரிடமும் சொல்கிறாள்? சீட்டில் விதவை.

20-2-81
குழாயடியில் கௌரியம்மாள், "தலை எண்ற வேலைக்கா இத்தினி பீத்திக்கினு கீற?" என்றாள். பொறுக்கவில்லை. "யார் புருஷன் நெசமா பம்பாய்ல இருக்கறான், யார் புருஷன் இல்லன்னுகூட என் பேரனுக்குத் தெரியும்டி" என்றுவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஐயோ.

23-2-81
கௌரியம்மாள் மகளுக்கு வளைகாப்பு. அம்சா தைத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு, அவளை மட்டும் வர வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

25-2-81
அம்சா நாகேந்திரனைப் பார்க்க வந்தாள். பொட்டு வைத்துக்கொண்டுதான் வந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"தனியா இருக்கற பொம்பளன்னு எவனும் கதவைத் தட்டக் கூடாதுன்னுதான் சார் அந்தப் பொய். சர்க்கார் பேப்பருக்காச்சும் நெசம் சொல்லலாம்னு சொன்னேன்."

அவள் போனதும் நாகேந்திரன், "அவ வீட்டுக்குப் போய் எழுதினவன் துளசிங்கம். அவன் வாய்தான் இது. தாசில்தாருக்கு எழுதறேன்" என்றான். துளசிங்கத்துக்கு வேலைகூட இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தேன். குழாயடியில அப்படித் திறந்த வாய் இங்க ஏன் திறக்கல? என்ன ஜென்மம் நான்?

26-2-81
சொல்லிட்டேன். எல்லாம் சொல்லிட்டேன். நாகேந்திரன் போய் அலமாரிக் கதவைச் சாத்தினான். அப்புறம், "பூட்டாம வச்சது நாந்தான ஆயா" என்றான். துளசிங்கத்தின்மேல் எழுதியதைக் கிழித்துவிட்டு, தன்மேல் எழுதி எடுத்துப் போனான். திட்டியிருக்கலாம்.

27-2-81
அம்சாவிடம் போனேன். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான்தான் என்றேன். தையல் மிஷினைச் சாக்கில் சுற்றியபடி, "போற எடத்திலயாச்சும் என்னை இருக்க வுடுங்க ஆயா" என்றாள். சாக்கின்மேல் தைத்திருந்த துணியில் போகும் ஊர் எழுதியிருந்தது. படித்துவிட்டேன்.

3-3-81
நாகேந்திரனை சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயடியில் கௌரியம்மாள், "அம்சா எந்த ஊருக்குப் போனா? உங்க வீட்டுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள்.

"தெரியாது" என்றேன்.

ஊர் பேரை இதிலும் எழுதவில்லை.