எந்தத் தோட்டம்?

லூயிஷாம், லண்டன்,
வியாழக்கிழமை

அன்பான மருமகளுக்கு,

என் கையெழுத்தை நீ இதுவரை பார்த்ததில்லை. கோழி கிண்டியது போல இருக்கும். விளங்காவிட்டால் என் மகன் துஷாந்தனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்.

நேற்று இங்கே நூலகத்தில் தேயிலையைப் பற்றி ஒரு பேச்சு. தேத்தண்ணி இலவசம் என்று பக்கத்து வீட்டுக் கலாவதி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பேசிய வெள்ளைக்காரப் பெண் கெட்டிக்காரி. "இந்த நாட்டு ஆலைகளில் மெஷினுக்கு நிலக்கரி போட்டார்கள், ஆட்களுக்குச் சீனி போட்ட தேநீர் ஊற்றினார்கள். அந்தத் தேநீருக்காகத்தான் இலங்கையின் மலைக்காட்டை வெட்டித் தேயிலைத் தோட்டம் போட்டு, தமிழ்நாட்டிலிருந்து சனத்தைக் கொண்டுபோய் லயன் என்ற வரிசை வீடுகளில் அடைத்தார்கள்" என்றாள்.

நான் இருந்த கதிரை சரிய எழும்பினேன். "என் மருமகள் அந்தச் சனத்தின் பிள்ளை. இப்போது இங்கே சட்டனில் டொக்டர்!" என்றேன். என் ஆங்கிலத்துக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

கலாவதி காதுக்குள் கேட்டாள்: "அக்கா, தோட்டத்துப் பிள்ளை எண்டு நீங்கள் அந்தக் கலியாணத்துக்கே போகேல்லையே?"

"போகேல்லைத்தான். அதுக்காக இப்ப பெருமைப்படக் கூடாதோ?"

அப்போது அந்தப் பெண், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். மண்டபமே என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியவில்லை. கலியாணமாகி மூன்று வருஷமாக உன் அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறியோடு சட்டனுக்கு வருகிறேன். வாசலில் நின்றே கேட்பேன். உள்ளே வரச் சொன்னாயானால், இருந்து எல்லாவற்றையும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் மாமி