கூறைப் புடவைக்குள் ஒளித்த ரேஷன் கார்டு

நம் பெண் வசந்தாவின் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பதில் எழுத இன்லாண்ட் கவரைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த கூறைப் புடவையில் கை பட்டது. அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மாம்பழ நிறப் பட்டில் அந்த ஊதாக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு, அப்படியே இருக்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம். நான் மட்டும் இன்னும் அந்தப் பழைய ஐப்பசியிலேயே இருக்கிறேன் போலும்.

உங்கள் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எழுதவும் கை வரவில்லை. "ஏங்க" என்றே தொடங்கிவிடுகிறேன்.

ஏங்க, உங்கள் பெண் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? நாம் விட்டுவிட்டு வந்த அதே பம்பாயில்தானே வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறதாம். பால்காரனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் காலி செய்துகொண்டு காஞ்சிபுரத்துக்கே போய்விடலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறாராம். "நீயும் அப்பாவும் வந்தீங்களே, வந்தது சரிதானா? உண்மையைச் சொல்லு அம்மா" என்று எழுதியிருக்கிறாள். உண்மையாம்! கேட்க ஆளைப் பார்த்தாள் பாருங்கள்.

மாதுங்காவில் நமக்கு இருந்தது மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை. குழாய்க்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஒரு சாயங்காலம் நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ஒரு கடுதாசியை ஆட்டினீர்கள். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா வேலை. தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். "சம்பளம் பாதிதான்மா. ஆனா செலவு கால்வாசி. இங்க குடுக்கற வாடகைக்கு அங்க வாசலும் கிணறுமா வீடு கிடைக்கும்" என்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவர் நீங்கள். அந்த ஊர் என்றால் உங்களுக்குக் கருட சேவைக் கூட்டமும் மிளகு போட்ட கோவில் இட்லியும்தான் ஞாபகம் வரும்.

நான் அதற்குப் பக்கத்துக் கிராமம், முசரவாக்கத்துக்காரி. மலிவான ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே கத்தரிக்காய் மலிவாக விற்பது, வாங்குகிறவன் மடியில் ஒன்றும் இல்லாததால்தான். அப்பா அடுத்தவர் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுதார். ஏரி நிரம்பாத வருஷம் வீட்டில் கூழ்தான். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி நடவுக்கு அனுப்பினார்கள். பம்பாய் மாப்பிள்ளை என்றதும், தப்பித்தோம் என்று நினைத்து ரயிலேறியவள் நான். வசந்தாவுக்கு அப்போது வயது எட்டு. இவளையும் கொண்டுபோய் அதே சேற்றில் இறக்கப் போகிறாரே என்று பயந்தேன். அதை வாயைத் திறந்து சொன்னேனா? "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் மாறுகிறவர்கள் ரேஷன் கார்டை அங்கே ஒப்படைத்துவிட்டு ஒரு சான்றுத் தாள் வாங்கி வர வேண்டும். அதைக் காட்டினால்தான் புது ஊரில் கார்டு. நீங்கள் ரயில் டிக்கெட்டுக்குப் போனீர்கள், என்னை ரேஷன் ஆபீசுக்கு அனுப்பினீர்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து அந்த ஆள் கையை நீட்டினான். கார்டில் நம் மூன்று பேர் பெயரும் இருந்தது. இதைக் கொடுத்துவிட்டால் பம்பாயில் நமக்கு ஒரு பிடி அரிசிகூடக் கிடையாது, திரும்பி வரவே முடியாது என்று தோன்றியது. கை வரவே மாட்டேன் என்றது. பின்னால் நின்றவள் முதுகில் இடித்தாள். வரிசையை விட்டு விலகி, கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். உங்களிடம், "குடுத்துட்டேன். தாள் தபால்ல வருமாம்" என்றேன். நீங்கள் மறுவார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் நீங்கள்.

கார்டு கூறைப் புடவை மடிப்புக்குள் உட்கார்ந்து நம்மோடு காஞ்சிபுரம் வந்தது.

வீடு நீங்கள் சொன்னபடியே வாசலும் கிணறுமாகத்தான் இருந்தது. பாதி வீட்டில் வீட்டுக்காரர் தறி போட்டிருந்தார், மறுபாதியில் நாம். வாடகை குறைவு, காய்கறி குறைவு, வசந்தா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். அரிசிதான் உயிரை வாங்கியது. கார்டு இல்லாமல் வெளிக்கடையில் வாங்கினோம், அவன் சொன்னதுதான் விலை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வாலாஜாபாத் அரிசி மில்களுக்குப் போய் நொய் வாங்கி வந்தீர்கள். மிச்ச நாட்களில் தாலுகா ஆபீசுக்கு அலைந்தீர்கள். பம்பாய்க்குக் கடிதம் மேல் கடிதம் போட்டீர்கள். "இன்னிக்கி தபால் வந்துதாம்மா?" என்று தினமும் கேட்பீர்கள். "இல்லீங்க" என்பேன். ராத்திரிச் சாப்பாட்டை நீங்கள் நிறுத்தினீர்கள், வயிறு சரியில்லை என்றீர்கள். நானும் பொய், நீங்களும் பொய். சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் வரைக்கும் வரும். சொன்னால் கார்டு போய்விடும், அப்புறம் பம்பாய்க் கதவு மூடிவிடும் என்று பயம். நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று அதைவிடப் பெரிய பயம். செலவைக் குறைக்க வந்த ஊரில் செலவை ஏற்றியவள் நான்தான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம் தாலுகா ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க போனாலும் இதே பேச்சுதான் சார். தாள் வரல, தாள் வரலன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. ரெண்டு ஊர்ல கார்டு வெச்சிக்கினு இருக்கிறவங்கதான் இப்படி இழுப்பாங்க" என்றார்.

உங்கள் முகம் சிவந்துவிட்டது. "சார், நான் ஜரிகை நிறுத்துக் குடுக்கறவன். ஒரு குந்துமணி குறைஞ்சாலும் என் பேர் போயிடும். எங்க வூட்ல அது கையாலயே குடுத்துட்டு வந்துது சார். அது பொய் சொல்லாது."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"அப்போ சரி. எங்ககிட்ட வேற எந்தக் கார்டும் இல்லன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. பொய்யின்னு தெரிஞ்சா கேஸ் ஆயிடும், வேலையும் போயிடும். இப்பவே சொல்லிட்டேன்" என்று காகிதத்தை நீட்டினார் அவர்.

நீங்கள் கொஞ்சங்கூட யோசிக்காமல் எழுதினீர்கள். பேனா கடைசி வரிக்கு வந்துவிட்டது.

"ஐயோ, கையெழுத்து போடாதீங்க!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஓடு ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கார்டின் முத்திரை மை கரைந்து புடவையில் ஊதாக் கறை. ஈரக் கார்டைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன்.

நீங்கள் கார்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டது இன்ஸ்பெக்டர்தான். "பயமா இருந்துது சார்" என்றேன். வேறு என்ன சொல்ல இருந்தது?

அவர் நல்ல மனுஷர். பெட்டியில் தவறிக் கிடந்தது, இன்றுதான் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். நீங்கள்தான், "வேணாம் சார். நடந்தத நடந்த மாதிரியே எழுதறேன்" என்று பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினீர்கள். அவர் உங்களை எச்சரித்துவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போனார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு மாதம் சங்கத்தில் உங்களை ஜரிகைத் தராசுப் பக்கமே விடவில்லையாம். அதை வீட்டுக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டீர்கள். நாலாம் நாள் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து நின்றீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். முசரவாக்கம், கூழ், நடவு, வசந்தா எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். கேட்டுவிட்டு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? ரயில்ல வந்த ரெண்டு நாளும் எறங்கித் திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சிக்கினே இருந்தேன். நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே இருந்திருப்பேன்மா. நீ கம்முனு இருந்தே. சரி, இவளே தைரியமா இருக்கறா, நமக்கு இன்னான்னு வந்துட்டேன்."

என் வாய் மூடியிருந்ததை நீங்கள் தைரியம் என்று நினைத்தீர்கள். உங்கள் சிரிப்பை நான் தைரியம் என்று நினைத்தேன். நல்ல ஜோடி போங்கள்!

அதற்கப்புறம் இந்த ஊர் நம்மைக் கைவிடவில்லை. புதுக் கார்டு வந்தது. தராசும் உங்கள் கைக்குத் திரும்பி வந்தது. வசந்தா எஸ்.எஸ்.எல்.சி. படித்தாள், டைப்பிங் படித்தாள், ஒரு நாளும் சேற்றில் இறங்கவில்லை. இவ்வளவும் எழுதினால் சரிதான் என்று அவளுக்குத் தோன்றும்.

ஆனால் உங்களுக்கு மார்வலி வந்த அன்று உள்ளூர் ஆஸ்பத்திரியில், இங்கே பார்க்க முடியாது, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வாடகைக் கார் வாலாஜாபாத் தாண்டும்போது என் தோளில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். மாதுங்காவில் கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்ததே. அன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களோ? எட்டு மாதமாக இதையே நினைத்துப் பயந்து சாகிறேன். வா என்று எழுதி, அவளுக்கோ மாப்பிள்ளைக்கோ இங்கே ஏதாவது ஆகிவிட்டால்? வராதே என்று எழுதி, அங்கே அவர்கள் வாடகைக்கே உழைத்து ஓய்ந்துபோனால்?

கடைசியில் இரண்டையும் எழுதவில்லை. இங்கே வாடகை இவ்வளவு, ஆஸ்பத்திரி இவ்வளவு தூரம், சம்பளம் இவ்வளவுதான் கிடைக்கும் என்று உள்ளதை எழுதினேன். அதன் கீழே, "உனக்குப் பயமாக இருந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்லிவிடு. அவருக்கும் இருக்கும். கேட்டுப் பார்" என்று எழுதி ஒட்டினேன். தபால் பெட்டி வாயில் கடிதத்தை வைத்துப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். ஆனாலும் போட்டுவிட்டேன்.

புடவையைத் துவைக்கவில்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டேன். வீட்டில் நான் ஒருத்திதான். பெண் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

ஏங்க, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தடவை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.